மொட்டைப் படம் ஒன்று போதுமா?

சித்தூரிலோ திருப்பதியிலோ நம்மவர் வீடு ஒன்றுக்குள் நுழைந்தால், கூடத்துச் சுவரில் சாமி படங்களை அடுத்து ஒரு பழைய போட்டோ கண்ணில் படும். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு குழந்தை. அழுது ஓய்ந்த கண்கள். பின்னால் திரைச்சீலையில் எழுதிய கோபுரம். ஒரு பக்கம் வெள்ளை வேட்டியில் அப்பா, மறு பக்கம் கல்யாணப் பட்டில் அம்மா. யாரும் சிரிக்கவில்லை.

"இது யார்?" என்று கேட்டுப் பாருங்கள். ஐம்பது வயது மனிதர் ஒருவர் கொஞ்சம் வெட்கத்தோடு, "நான்தான்" என்பார்.

"இதற்கு அடுத்தாற்போல் எடுத்த படம்?"

"எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு ஒட்டக் கொடுத்தது."

இரண்டு படங்களுக்கும் நடுவே பன்னிரண்டு பதின்மூன்று வருஷங்கள் காணாமல் போயிருக்கின்றன. அவர் தவழ்ந்தது, விழுந்தது, பல் விழுந்த வாயோடு பள்ளிக்கூடம் போனது எதுவும் யார் கண்ணிலும் இனிமேல் படப்போவதில்லை.

மொட்டைக்கு முந்தின நாள் எடுத்த படமும் சில வீடுகளில் உண்டு. ஆண் பிள்ளையாக இருந்தாலும் சவுரி வைத்துப் பின்னி, பூ தைத்து, பாவாடை கட்டி, பின்னல் தெரியும்படி பின்னால் ஒரு நிலைக்கண்ணாடியையும் நிறுத்தி எடுத்திருப்பார்கள். சாமிக்குப் போகப்போகிற முடி அல்லவா! பெரியவனானதும் அந்தப் படத்தைப் பெண்டாட்டி கண்ணில் படாமல் ஒளித்து வைக்க அந்தப் பிள்ளை படுகிற பாடு தனிக் கதை.

திருமலையில் கோயிலுக்குள் காமிராவோ செல்போனோ கொண்டுபோக முடியாது. ஆகவே படம் என்பது கல்யாணக் கட்டையில் முடி இறக்கிக் குளித்து, தரிசனம் முடிந்த பிறகு வெளியேதான். இல்லாவிட்டால் கீழே இறங்கி வந்து ஊருக்குள் ஸ்டூடியோவில். அதற்குள் பிள்ளைக்குப் பசி, தூக்கம், தலையெல்லாம் எரிச்சல். அந்த முகம்தான் காலத்துக்கும் சுவரில் தொங்குகிறது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அன்றைக்கு அந்த ஒரு படத்துக்கே காசு சேர்க்க வேண்டியிருந்தது.

152 பிலிம் சுருள்

1960, 70-களில் ஒரு வீட்டில் 'அக்ஃபா கிளிக்-3' இருந்தால் அது வசதியுள்ள வீடு. பரோடாவில் தயாரான கறுப்புப் பெட்டிக் காமிரா அது. 120-ஆம் நம்பர் சுருள் ஒன்று போட்டால் 12 படம் விழும். பன்னிரண்டும் முடிந்தால்தான் கழுவக் கொடுக்கலாம். பொங்கலுக்கு இரண்டு, சித்திரை வருஷப் பிறப்புக்கு ஒன்று, தீபாவளிக்கு நாலு என்று எண்ணி எண்ணி எடுப்பார்கள். படம் கழுவி வீட்டுக்கு வரும்போது பிள்ளைக்கு ஒரு வயது கூடியிருக்கும்.

ஊட்டியில் மத்திய அரசு 1960-ல் நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை, 1967-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் படக் காகிதமும் உள்நாட்டிலேயே கிடைத்தன. ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிள்ளை பிறந்த நாள் முதல் ஐந்து வயது நிறையும் வரை தினம் ஒரு படம் என்றால், லீப் வருஷத்து நாளையும் சேர்த்து 1,826 படம். 152 சுருள் தீர்ந்து, இன்னும் இரண்டு படம் பாக்கி நிற்கும். எந்தக் குமாஸ்தா சம்பளம் இதைத் தாங்கியிருக்கும்?

ஊட்டி ஆலை மூடியாகிவிட்டது. பெட்டிக் காமிரா பரணில் கிடக்கிறது. இன்றைக்குச் செங்கல் சுமக்கிறவர் சட்டைப் பையிலும் காமிரா உள்ள செல்போன் இருக்கிறது. சுருளும் வேண்டாம், கழுவுகிற கூலியும் வேண்டாம். ஆனால் பழக்கம் மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் மொட்டைக்கும் காதுகுத்துக்கும் பிறந்த நாள் கேக்குக்கும்தான் எடுக்கிறோம். அன்று ஒரு படம், இன்று ஒரே நாளில் 300 படம். மறுநாளிலிருந்து அடுத்த விசேஷம் வரை ஒன்றும் கிடையாது.

நம் பக்கத்தில் போட்டோவுக்கு வேறொரு வேலையும் உண்டு. 1911-ல் வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பிரித்துச் சித்தூர் ஜில்லாவை உண்டாக்கினார்கள். மொழிவாரி மாநிலம் வந்தபோது அது ஆந்திரத்தில் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடு இப்படி நகர்ந்துகொண்டே இருக்க, அத்தை திருத்தணியிலும் மாமன் வேலூரிலும் நாம் இங்கேயும் என்று குடும்பங்கள் பிரிந்து கிடக்கின்றன. பிழைப்புக்காகப் பின்னால் வந்தவர்கள் கதையும் இதுதான். கடிதத்துக்குள் மடித்து வைத்த ஒரு படம்தான் பிள்ளையின் முகத்தை ஊரிலுள்ள பாட்டிக்குக் கொண்டுபோயிற்று.

இரவு ஏழரை மணி

திருப்பதி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் கணக்கு எழுதுகிறார் ஒரு நண்பர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மனைவியும் பெண் குழந்தையும் அவருடைய தாயாரோடு சித்தூரில் இருக்கிறார்கள். நடுவே ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான்.

"கூப்பிடு தூரம், வாரா வாரம் போகலாமே?" என்றேன்.

"சனி ஞாயிறுதான் சார் எங்களுக்குக் கூட்டம். ஊருக்கெல்லாம் லீவு வந்தா எங்களுக்கு வேலை. மாசத்துல ரெண்டு தடவை போனா அதிகம்."

குழந்தைக்கு எட்டாவது மாதம். புரட்டாசிக் கூட்டமும் பிரம்மோற்சவமும் சேர்ந்துகொண்டதில் நாற்பது நாள் அவரால் வீட்டுக்குப் போக முடியவில்லை. பிறகு ஒரு நாள் விடியற்காலையில் போய் இறங்கிக் கையை நீட்டினார். குழந்தை வீரிட்டு அழுது, ஆயாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"வாடகை கேக்க வந்த ஆளுன்னு நெனச்சுதோ என்னவோ சார்" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, கணக்குப் புத்தகத்தை எதற்கோ ஒரு தடவை திறந்து மூடினார்.

அன்று இரவு அவர் மனைவி ஒரு யோசனை சொன்னாராம். "ஏங்க, தினம் ஒரு போட்டோ நான் அனுப்பறேன். நீங்களும் ஒண்ணு அனுப்பணும்." அதற்கு நிபந்தனைகளும் போட்டார். புதுச் சட்டை போட்டு எடுக்கக் கூடாது. பவுடர் பூசக் கூடாது. அன்றைய பொழுது எப்படியோ அப்படி. அதிலும் ஒன்றே ஒன்று. பத்து எடுத்தால் பார்க்க நேரமும் இருக்காது, மறுநாள் ஞாபகமும் இருக்காது.

இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. இரவு ஏழரை மணிக்கு படம் வந்துவிடுகிறது. சிலவற்றைக் காட்டினார். வாயெல்லாம் ராகிக் களி. ஆயாவின் மூக்குக் கண்ணாடியைத் தலைகீழாக மாட்டிய கோலம். தெருக் குழாயில் குடங்கள் வரிசையாக நிற்க, ஒரு குடத்தின் உயரத்துக்கு நடுவில் பாப்பா. கரண்ட் போன இரவில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு கன்னம் மட்டும். காய்ச்சல் நாளில் நெற்றியில் ஈரத்துணி. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் மடியில் தூக்கம். சித்தூர்ப் பிள்ளைக்கு வீட்டில் ஆயாவும் உண்டு, அடுத்த வீட்டில் அவ்வாவும் உண்டு!

எந்த ஸ்டூடியோவிலும் இப்படி ஒரு படம் எடுக்க மாட்டார்கள். காசு கொடுத்தாலும் நாமே எடுக்கச் சொல்ல மாட்டோம்.

இவர் அனுப்புகிறவையும் அந்த லட்சணம்தான். கொடியில் காயும் சட்டை, மண்ணெண்ணெய் வாசனை போகாத பழைய ஸ்டவ், பாதி சாப்பிட்ட இட்லித் தட்டு. ஒரு நாள் அலுப்பில், அறைச் சாவிகள் தொங்கும் பலகையைப் படம் பிடித்து அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு பாப்பா எந்தச் சாவிக்கொத்தைக் கண்டாலும் "அப்பா" என்கிறதாம்.

ஒன்றைக் கவனியுங்கள். படம் இரண்டு பக்கமும் போகிறது. வெளியூரில் இருக்கும் தகப்பன் பிள்ளையின் படத்தைக் கேட்டு வாங்குகிறானே தவிர, தன் படத்தை அனுப்புவதில்லை. "நம்ம மூஞ்சியை என்னத்தைப் பார்ப்பது" என்று விட்டுவிடுகிறான். அடையாளம் மறந்துபோவது அவனுக்கு அல்ல, குழந்தைக்கு.

எங்கள் வீட்டில் இல்லாத படம்

இதை நான் இவ்வளவு வற்புறுத்த ஒரு காரணம் உண்டு. எனக்கு ஒரு அக்கா இருந்தாள். நான் பிறப்பதற்கு முன்பே நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். மூன்று வயதில் திருப்பதியில் முடி இறக்குவதாக வேண்டுதல். அந்த வருஷம் கையில் பணமில்லை. ஐந்து வயதில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டார்கள். படமும் அப்போதே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று பாட்டிக்கு ஒரு பயம் வேறு.

இறந்த பிறகாவது ஸ்டூடியோக்காரரை அழைத்து, உட்கார வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்கிற வழக்கம் அந்தக் காலத்தில் நம்மிடையே இருந்தது. பல வீடுகளில் பாட்டன் பாட்டியின் ஒரே படம் அதுதான். குழந்தைக்கு அதைச் செய்யவும் யாருக்கும் மனம் வரவில்லை.

அம்மா கடைசிவரை அந்த முகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். என் பெரிய பெண் பிறந்தபோது, "காது மட்டும் அவ காது" என்றாள். தம்பி மகளைப் பார்த்து, "நெத்தி அவ நெத்தி" என்றாள். மூக்கு யாரிடமும் கிடைக்கவில்லை. எங்களில் ஒருவருக்கும் அக்கா முழு முகமாக வந்து சேரவே இல்லை.

தினம் ஒன்று என்று எடுத்தவர்கள்

அந்தச் சித்தூர் அம்மாள் செய்வதை உலகத்தில் வேறு சிலரும் வேறு வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள். பஞ்சாபைச் சேர்ந்த உம்ராவ் சிங் ஷேர்கில் (1870–1954) சமஸ்கிருதம் கற்றவர். காமிராப் பித்தும் உள்ளவர். தன் பெண்கள் அம்ரிதா, இந்திரா இருவரையும் சிறு பிராயம் முதலே படமாக எடுத்துத் தள்ளினார். 1913-ல் பிறந்த அம்ரிதா பெரிய ஓவியராகி, 1941-ல் 28 வயதிலேயே காலமானார். அந்தக் குடும்பப் படங்களை வைத்துத்தான் பேரன் விவான் சுந்தரம், தான் நேரில் பார்த்திராத நாட்களை 2001 முதல் புதிய கலைப் படைப்புகளாக ஆக்கினார். தகப்பனார் எடுக்கும்போது இதையெல்லாம் நினைத்திருப்பாரா?

நியூயார்க்கில் ஜேமி லிவிங்ஸ்டன் என்பவர் 1979 மார்ச் 31 முதல் போலராய்டு காமிராவில் தினம் ஒரே ஒரு படம் எடுத்தார். நண்பர்கள், தின்ற பண்டம், வெறும் தெரு என்று எது வந்தாலும் சரி. புற்றுநோய் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் விடவில்லை. 1997 அக்டோபர் 25, தன் 41-ஆவது பிறந்த நாளில் இறந்தார். அன்றைக்கும் படம் இருக்கிறது. மொத்தம் ஏறத்தாழ 6,700. அர்ஜென்டினாவில் டியேகோ கோல்ட்பெர்க் குடும்பத்தார் வேறு மாதிரி. 1976 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 17 அன்று ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரே மாதிரி முகப் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். கணவன் மனைவி இருவராகத் தொடங்கிய வரிசையில் மூன்று பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சேருவதைப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களையும் கவனித்தவர்கள் உண்டு. 1880 முதல் 1980 வரை எடுத்த குடும்பப் படங்களைத் தேடி, பழைய ஸ்டூடியோக்களில் பூஞ்சை பிடித்துக் கிடந்த கண்ணாடி நெகடிவ்களைப் பிரதி எடுத்துக் காப்பாற்றும் வேலையைப் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு செய்தது. ஸ்டூடியோவில் எடுத்ததற்காவது ஒரு நெகடிவ் மிஞ்சியது. நம் செல்போனில் எடுப்பதற்கு?

எதை எடுப்பது?

"தினம் எடுக்க என்ன இருக்கிறது? அதே பிள்ளை, அதே வீடு" என்பீர்கள். அதே வீடு என்பதுதான் விஷயம். வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் நாம். இந்தத் திண்ணை, இந்தத் தண்ணீர்த் தொட்டி, கதவு நிலையில் பிள்ளையின் உயரத்துக்குப் போட்ட பென்சில் கோடு எல்லாம் அடுத்த வீடு மாறும்போது போய்விடும். முகத்தை மட்டும் பெரிதாக எடுக்காமல் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று, அடுப்பும் துணிக்கொடியும் விழும்படி எடுங்கள். இருபது வருஷம் கழித்து எல்லாரும் முதலில் பார்ப்பது அதைத்தான். "அட, அந்த எவர்சில்வர் தூக்கு!" என்பார்கள்.

நின்றுகொண்டு எடுத்தால் உச்சந்தலைதான் விழும். தரையில் உட்கார்ந்து பிள்ளையின் கண் மட்டத்துக்கு வாருங்கள். ஜன்னல் வெளிச்சம் போதும். "சிரி, சிரி" என்று சொல்லாதீர்கள். பல்லைக் காட்டுமே தவிரச் சிரிக்காது. ஒரு நாள் தவறினால் தவறட்டும். அதற்காக மறுநாள் இரண்டு எடுத்துக் கணக்கை நேர் செய்ய வேண்டியதில்லை. இது கஜானா அல்ல.

எடுக்கிறவர் படத்தில் இருப்பதில்லை என்பது இன்னொரு சங்கடம். பெரும்பாலும் தாயார்தான் எடுக்கிறார். ஆகவே ஆயிரம் படத்திலும் அவர் இல்லை; அல்லது ஒரு கை, ஒரு புடவைத் தலைப்பு. ஞாயிற்றுக்கிழமைப் படத்தை வேறு யாராவது எடுப்பது என்று வைத்துக்கொள்ளலாம். தலை கலைந்திருக்கிறது என்று தாய்மார் ஓடக் கூடாது.

எடுத்ததை ஊருக்கெல்லாம் காட்டுவது வேறு சமாசாரம். செல்போனில் 'ஸ்டேட்டஸ்' போட்டால் எண் வைத்திருக்கும் பால்காரர், பைனான்ஸ்காரர், என்றோ பேசிய தரகர் எல்லாரும் பார்க்கலாம். குளிக்கிற படம், பள்ளியின் பெயர் தெரியும் சீருடைப் படம் இவை வீட்டோடு நிற்கட்டும். கண்ணேறு படும் என்று பாட்டிமார் பயந்ததை அன்று கேலி செய்தோம். முன்பின் தெரியாதவர் கண் படுகிற இந்தக் காலத்தில் அந்தப் பயத்துக்குப் புதிதாக ஓர் அர்த்தம் வந்திருக்கிறது.

பின்பக்கத்தில் பென்சில்

செல்போன் தண்ணீரில் விழும்; திருட்டுப் போகும்; இடம் நிறைந்துவிட்டது என்று பிள்ளைகளே அழித்துவிடுவார்கள். ஆகவே மாதத்துக்கு நாலு படமாவது காகிதத்தில் போட்டு வைக்க வேண்டும். பிரிண்டின் பின்பக்கத்தில் தேதி, இடம், யார் யார் என்று எழுத வேண்டும். பென்சிலில், மெதுவாக. பால்பாயிண்ட் பேனா முன்பக்கத்தில் தடம் பதிக்கும். அதன் மை அடுத்த படத்தில் ஒட்டும். பசைத் தாளில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் மூடும் ஆல்பங்கள் பார்வைக்கு அழகு. ஆனால் வருஷமானால் படம் மஞ்சளாகி, பிய்க்க வராது.

2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியதை மறந்திருக்க மாட்டீர்கள். படங்களைக் கட்டிலுக்கு அடியில், டிரங்குப் பெட்டியின் அடித்தட்டில் வைக்காதீர்கள்; உயரத்தில் வையுங்கள். பழைய ஸ்டூடியோப் படங்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், காய்ந்த பிறகு பிய்க்கக் கூடாது. நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, தானாகப் பிரிந்ததும் படம் மேலாக இருக்கும்படி நிழலில் பரப்ப வேண்டும்.

அந்த லாட்ஜ் நண்பர் சம்பளம் வாங்கியதும் மாதம் நாலு படம் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோகிறார். பின்னால் எழுதுவது மனைவியின் வேலை. தமிழில் எழுதுகிறார். பாப்பா பள்ளியில் தெலுங்குதான் முதலில் படிக்கப் போகிறது. இதைப் படிப்பதற்காகவாவது தமிழ் எழுத்து கற்றுக்கொள்ளட்டும் என்கிறாராம்.

நான் அங்கே இருந்தபோதே ஏழரை மணி ஆயிற்று. செல்போன் ஒலித்தது. பாப்பா பாயில் குப்புறப் படுத்துத் தூங்குகிறது. உள்ளங்கையில் வீட்டுச் சாவி. பார்த்துவிட்டு, "இன்னிக்கு நீங்களும் இருங்க சார்" என்று சொல்லிக்கொண்டே அவர் என் பக்கம் போனைத் திருப்பிவிட்டார். டீ கிளாஸும் கையுமாக, வாயைத் திறந்தபடி விழுந்திருப்பேன்.

இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. "யாருங்க அது? பேரு எழுதி அனுப்புங்க. பின்னால எழுதணும்."